பெட்டியின் முதுகில் ஒரு குங்குமப் பொட்டு

கண்ணுகளா, பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் கொடுத்த கையேட்டை நானும் வாங்கிப் புரட்டினேன். பெட்டிக்கு முத்திரை எப்படிப் போடுவது, விரலில் மை எங்கே வைப்பது, கரண்ட் போனால் யாருக்குப் போன் செய்வது, எல்லாம் அதில் இருக்கிறது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். ஆனால் வாக்குச்சாவடியில் உங்களுக்கு எப்போது வியர்த்து ஊற்றப் போகிறதோ, அந்த நேரம் மட்டும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. அதனால்தான் ஓய்வு பெற்று பிளெய்ன்ஸ்பரோவில் சும்மா இருக்கிறவளைக் கூப்பிட்டு, "நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க ஆன்ட்டி" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கட்டிக்கொண்டவர் இன்ஜினீயர் என்பதால் இந்த நாட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல், உள்ளூர்த் தேர்தல் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் நம்ம ஆட்களிடம்தான். புதிதாகக் குடியுரிமை வாங்கிய ஒரு பெண் ஓட்டுப் போட வந்தாள். அவள் பின்னாலேயே புருஷனும் மறைப்புக்குள் நுழைந்தார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொல்லிக் குடுத்துடறேன்" என்றார். "கார் ஓட்டத் தெரியுதுங்களா அவங்களுக்கு?" என்று கேட்டேன். "ஓ, தெரியுமே, ஃப்ரீவேயில பறப்பா" என்றார். "அப்பறம் என்னங்க, இதையும் ஓட்டிக்குவாங்க, நீங்க போய்க் காப்பி குடிச்சுட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. யாருக்குப் போட்டாள் என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டாள்.

அப்புறம்தான் நீங்கள் இப்போது சேர்ந்திருக்கிற இந்த வேலைக்கு வந்தேன். ஒரு நாட்டில் பல காலம் ஒரே ஆள் ஆண்டு, கடைசியில் மக்கள் அவனை இறக்கிவிடுகிறார்கள். தேர்தல் வருகிறது, புதிய அரசியல் சாசனம் வருகிறது. அந்த ஆளுக்குப் பயந்து ஓடிப்போய் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிற சனங்களுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அவர்களுக்காக அங்கங்கே மண்டபம் பிடித்து வாக்குச்சாவடி நடத்தித் தருகிற வேலை நமக்கு. நம்முடைய நாடு இல்லை, நம்முடைய கட்சி இல்லை. கல்யாணத்துக்குச் சமையல் பிடிக்கப் போன மாதிரி, சாப்பாடு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன்.

அப்படி ஒரு நாடு. பெயரைச் சொல்ல மாட்டேன். புதிய சாசனம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கேட்கிற வாக்கெடுப்பு. எனக்கு ஒதுக்கியது டெக்சாஸில் ரிச்சர்ட்சன். ஒரு கடை வளாகத்தில், இந்திய மளிகைக்கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு மண்டபம். நான்கு பெட்டிகள். மண்டபத்துக்குப் பொறுப்பு நான். சாமான்களுக்குப் பொறுப்பு சண்முகம்.

சண்முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராபுரத்துப் பக்கம் ஊர். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர், ஆட்குறைப்பில் அந்த வேலை போய்விட்டது. அடுத்த வேலை கிடைக்கிறவரை என்று எங்களிடம் சேர்ந்தார். தங்கமான மனுஷன். மேசை ஆடினால் அட்டையை மடித்துக் கீழே வைப்பது, வயசானவர்களுக்கு நாற்காலி போடுவது என்று சொல்லாமலே எல்லாம் செய்வார். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

சாவடியில் இரண்டு தரப்புக்கும் தலா ஒரு முகவர் உட்காருவார் என்பது உங்களுக்குத் தெரியும். 'வேண்டும்' தரப்புக்கு ஒரு இளம்பெண், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், சுறுசுறுப்பு. 'வேண்டாம்' தரப்புக்கு ஒரு பெரியவர். அவர்கள் நாட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துவரை பொத்தான். புதிய சாசனத்தில் அதிபருக்கு மறுபடியும் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். நான் அவரை வாத்தியார் என்றே சொல்கிறேன். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி தமிழில் சொல்கிறேன்.

காலையில் காலிப் பெட்டிகளைத் திறந்து இருவருக்கும் காட்டி, மூடி, முத்திரை போட்டோம். ஒன்றை மேசையில் வைத்தோம், மற்ற மூன்றையும் சுவரோரம் அடுக்கினோம். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். ஓக்லஹோமாவிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் முதல் பெட்டி நிறைந்துவிட்டது. அதன் வாயை அடைத்து முத்திரை போடுவதற்காக சண்முகமும் நானும் பெட்டியைத் திருப்பி வைத்தோம்.

அதன் முதுகில், கைப்பிடிக்குக் கீழே, சிவப்பாக ஒரு பொட்டு.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். புது ஸ்கூட்டர், புது ஃப்ரிட்ஜ், புது லேப்டாப், எதுவாக இருந்தாலும் குங்குமம் வைக்காமல் நம்ம வீட்டில் தொடுவார்களா? நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பழக்கதோஷமுங்க்கா," என்றார் வாய்க்குள்ளேயே. "பொட்டி புதுசுங்க. வெறும் பொட்டியில எப்படிங்க ஆரம்பிக்கறதுன்னு காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி வெச்சுப்போட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு டிஷ்யூவை எடுத்துத் துடைக்கப் போனார். அந்த நேரத்தில் பார்த்து நிமிர்ந்தேன். வாத்தியார் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம், சமாளித்திருப்பேன். அதில் இருந்தது பயம். நாற்காலியின் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்க சண்முகம்," என்றேன். "அக்கா, ஒரு செகண்டுங்க, போயிடும்." "எடுங்கன்னா எடுங்க!" நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. டிஷ்யூ அவர் கையிலேயே நின்றது.

கண்ணுகளா, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விதி இதுதான்: காலையில் பதிவாகாத குறி பெட்டியில் இருந்து, ஒரு முகவர் ஆட்சேபம் சொன்னால், அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு முகவர்களும் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மட்டுமே அது மற்றப் பெட்டிகளோடு எண்ணப் போகும். ஒதுக்கி வைத்த பெட்டி திரும்ப எண்ணிக்கைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அத்தனை பேர் வெயிலில் நின்று போட்ட ஓட்டு, ஒரு சிட்டிகைக் குங்குமத்தால் குப்பைக்குப் போகப் பார்த்தது.

ஓட்டை நிறுத்தினேன். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த மேலாளருக்கு இதைப் புரியவைக்கவே பெரும்பாடு. கடைசியில், "துடைச்சுட்டு ஓட்டை நடத்துங்க, இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க" என்றார். மருந்துக்கடைப் பெண்ணும் வந்துவிட்டாள். "மேடம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. கியூவுல இருக்கறவங்க கிளம்ப ஆரம்பிச்சுட்டாங்க. நிறைய பேருக்கு ஷிஃப்ட் இருக்கு. ப்ளீஸ், ஆரம்பிங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. எல்லாருக்கும் அது ஒரு பொட்டு. வாத்தியாருக்கு மட்டும் வேறு ஏதோ.

அவரிடம் போய்ப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க வாத்தியார்" என்றேன்.

அவர் சொன்னார். அந்தப் பழைய ஆள் ஆண்ட காலத்திலும் தேர்தல் நடந்ததாம், தவறாமல் நடந்ததாம். அவர்கள் ஊருக்கு வருகிற பெட்டிகளில் ஒன்றில் மட்டும் கைப்பிடிக்குக் கீழே சிவப்பாகச் சின்னப் புள்ளி இருக்குமாம். எதிர்த்து ஓட்டுப் போடுகிற தெருக்காரர்களை அந்தப் பெட்டிக்குத்தான் அனுப்புவார்களாம். அந்தப் பெட்டி எண்ணுகிற இடத்துக்குப் போய்ச் சேராது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஒரு தடவை அவருடைய தம்பி சந்தைத் தெருவில் நின்று, எங்கள் பெட்டி எங்கே என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வரவே இல்லை.

"இப்ப நான் ஆட்சேபம்னு எழுதினா, நீங்க பெட்டியை ஒதுக்கி வெச்சுடுவீங்க," என்றார். "எங்க ஆளுங்க ஓட்டு அதுலதான் இருக்கு. அவன் செஞ்சதையே நான் என் கையால செஞ்ச மாதிரி ஆயிடும். எழுதலைன்னா, எங்க ஊர்ல எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தமே, அதே மாதிரி நானும் வாயை மூடிட்டேன்னு ஆயிடும். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல மேடம்."

அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. அதிகாரி அப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று கையேடு சொல்கிறது. நான் பிடித்துக்கொண்டேன்.

"நான் உங்ககிட்ட இது சாமி குங்குமம், நம்புங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றேன். "நான் நம்பறது எதுக்கு ஆகும்? உங்களுக்கு என்ன தெரிஞ்சா மனசு ஆறும், அதைச் சொல்லுங்க."

"யார் வெச்சது, எதுக்கு வெச்சதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எனக்கு மட்டும் காதுல சொல்லக் கூடாது" என்றார்.

நியாயம்தானே? ஆனால் சண்முகத்துக்கு இதைச் சொன்னபோது மனுஷன் அழுதேவிட்டார். "அக்கா, வேற நாட்டு எலெக்‌ஷன்ல தில்லுமுல்லு பண்ணிட்டான்னு கேஸ் போட்டுட்டாங்கன்னா என்னுங்க பண்றது? எனக்கு இன்னும் கிரீன் கார்டுகூட வரலீங்க. ரெண்டு குழந்தைங்க இருக்குதுங்க்கா." அவர் சொன்னது பொய்யான பயம் இல்லை. அவரைக் காப்பாற்றுவதா, பெட்டியைக் காப்பாற்றுவதா என்று எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. "நீங்க ஒளிச்சாத்தான் சண்முகம் அது தில்லுமுல்லு," என்றேன். "பொறுப்பு என்னோடது. என்னோட மண்டபம், என்னோட கையெழுத்து. என்ன வந்தாலும் முதல்ல என் வேலைதான் போகும். வாங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வரிசையில் நின்றவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டோம். பெட்டியை நடுவில் வைத்தோம். மருந்துக்கடைப் பெண்ணே அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஒப்புக்கொண்டாள். சண்முகம் தன் மணிபர்ஸைத் திறந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். "இது எங்க ஊர் மாரியம்மன் கோயில் குங்குமம். எதையும் புதுசா ஆரம்பிச்சா நாங்க இதை வைப்போம். நான்தான் வெச்சேன். தப்பா எதுவும் பண்ணல. மன்னிச்சுக்கங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "இது யாருக்கோ காட்டற அடையாளம் இல்லேன்னு எப்படி நம்பறது?" கூட்டம் சலசலத்தது. சண்முகம் என்னைப் பார்த்தார். அப்போது வாத்தியார் எழுந்து வந்தார். "மத்தப் பெட்டியைக் காட்டுங்க" என்றார்.

சுவரோரம் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினோம். இரண்டாவதில் பொட்டு. மூன்றாவதில் பொட்டு. நான்காவதிலும் அச்சாக அதே இடத்தில் பொட்டு.

"வேற எதுக்கெல்லாம் வெச்சீங்க?" என்று கேட்டார் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் பையனைக் கேட்கிற மாதிரி.

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டே பிரின்டரைக் காட்டினார். அதன் அடியில் பொட்டு. மைப்புட்டியின் அடியில். மறைப்புப் பலகைகளின் பின்னால். போதாக்குறைக்கு, நான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியிலும்! "அட பாவி மனுஷா, எனக்குமா?" என்று கேட்டேவிட்டேன். "நாற்காலி புதுசுங்க்கா" என்றார். பிறகு தானாகவே எல்லாரையும் வெளியே பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய் தன் காரைக் காட்டினார். முன்னால், பின்னால், ஸ்டியரிங்கில், பிள்ளைகளின் கார் சீட்டில். வேனா வெயிலில் அத்தனை பேரும் காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள்.

அந்த அம்மாள்தான் கேட்டாள், "சரி, வெச்சதுதான் வெச்சே, மண்டபத்துல மட்டும் ஏன் எல்லாத்துக்கும் பின்னாடியே வெச்சே?"

"முன்னாடி வெச்சா அக்கா வைவாங்கன்னுதாங்க" என்றார் சண்முகம். மருந்துக்கடைப் பெண் அதை மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. காரின் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒண்ணுக்கு மட்டும் இல்ல. எல்லாத்துக்கும் வெச்சிருக்கார்" என்றார் தனக்குத்தானே. பிறகு உள்ளே வந்து, முதல் பெட்டியின் முத்திரை எண்களைக் காலையில் எழுதியதோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். பேனாவைக் கேட்டார். "பொட்டை அழிக்க வேண்டாம். என் ஆட்சேபத்தையும் எழுதுங்க, அதுக்கு இவர் சொன்ன பதிலையும் எழுதுங்க. ரெண்டும் இருக்கட்டும்" என்றார். பொட்டுக்கு ஒரு பக்கம் அவர் கையெழுத்து, மறுபக்கம் அந்தப் பெண்ணின் கையெழுத்து. நான்கு பெட்டிக்கும் அப்படியே.

மறுபடி ஓட்டு ஆரம்பித்தது. கிளம்பிப் போனவர்களில் பல பேர் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார்கள். போனவர்கள் எல்லாரும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. கதவைச் சாத்துகிற நேரத்தில் வரிசையில் யாருமில்லாதபோது வாத்தியார் தன் ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கினார். அதுவரை அவர் ஓட்டே போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மடித்து உள்ளே போட்டுவிட்டு, பெட்டியை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

மேலாளர் என்னை மூன்று நாள் காய்ச்சி எடுத்தார். ஒரு குங்குமத்துக்காக ஓட்டை நிறுத்தி, ஊரையே கூட்டி, பார்க்கிங்கில் திருவிழா நடத்தினீர்களா என்று கேட்டார். கேட்கட்டும். சண்முகத்தின் மேல் ஒரு துரும்பும் விழவில்லை. சில மாதத்தில் சான்டா கிளாராவில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டார். இங்கேதான் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நேர்மையானவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. ஒரு காலமும் யாரும் அவரிடம் நேர்மையாக நடந்ததில்லை. அவர் சந்தேகப்படும்போது உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும், "என்னையா சந்தேகப்படறே?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஆட்சி மாறிவிட்டது என்று ரேடியோ சொன்னால் மக்கள் நம்பிவிட மாட்டார்கள். சத்தமாகக் கேட்ட கேள்விக்கு ஒருத்தர் நின்று பதில் சொன்னால்தான் நம்புவார்கள்.

முடிவு வந்தது. 'வேண்டும்' ஜெயித்தது. வாத்தியாரின் தரப்பு தோற்றுவிட்டது. எப்படி இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கூப்பிடத் தயக்கமாக இருந்தது. அவரே கூப்பிட்டார்.

"தோத்துட்டோம் மேடம்" என்றார்.

"பார்த்தேன் வாத்தியார். மனசுக்குக் கஷ்டமா இருந்தது" என்றேன்.

"இருங்க, இருங்க. நம்ம மண்டபத்துக் கணக்கைப் பெட்டி பெட்டியா போட்டிருக்காங்க. பார்த்தீங்களா? முதல் பெட்டியில எங்க ஓட்டு எத்தனைன்னு தனியாப் போட்டிருக்காங்க." அதற்கப்புறம் அவர் பேசினார் பாருங்கள், நிறுத்தவே இல்லை. இந்தத் தடவை எங்கள் ஆட்கள் சரியாக வீடு வீடாகப் போகவில்லை என்றார். அந்த மருந்துக்கடைப் பெண் கெட்டிக்காரி, அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் அவளை எங்கள் பக்கம் இழுத்துவிடுவேன் என்றார். அதிபரின் அதிகாரத்தைக் குறைக்கத் திருத்தம் கொண்டுவர வேண்டும், அதற்கு எத்தனை இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நடுவில் அவர் சம்சாரம் ஏதோ கூப்பிட, "வர்றேன், வர்றேன், டீயை அங்கேயே வை" என்று கத்தினார். நான் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சட்டென்று பேச்சு நின்றது. அழுகிறார் என்று தெரிந்தது.

"என்ன வாத்தியார்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். இந்த வயசுல இப்பத்தான் முதல் தடவையா தோத்திருக்கேன்," என்றார். "இதுக்கு முன்னாடி எங்களைத் தோக்கக்கூட விட்டதில்ல."